பேட்டரி எத்தனை வருஷத்துக்கு?

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் காரின் முன்பலகையில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. வண்டிக்குக்கூட இந்த ஊரில் வியந்துகொள்ளச் சுதந்திரம் இருக்கிறதே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, கையேட்டை எடுத்துப் புரட்டினால் முழுக்க ஜப்பான் மொழி. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

என் கணவரின் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து அன்றோடு ஒரு வருஷம். பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தவர் குனிந்து முக்கோணத்தைப் பார்த்தார். "எஞ்சின் சூடாயிருச்சு புள்ள. அந்த ஓடையில ஒரு குடம் தண்ணி மோந்துட்டு வா, ஊத்திட்டுப் போலாம்" என்றார். சுற்றிலும் மரவீடுகளும் வெட்டிவிட்ட புல்தரையும்தான். நான் எந்த ஓடைக்குப் போவது?

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்காது. நான் கொல்லிமலையில் பைல் நாட்டுக்காரி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து வந்தவள். கணவர் பொன்னுசாமி குண்டூர் நாடு. மலையில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "எம்பட பொண்டாட்டியோட விசா வாலப் புடிச்சுக்கிட்டு வந்தேனுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். வந்த இடத்தில் நகரப் பேருந்து ஓட்டினார். பயணிகள் இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். முதல் வாரம் அதற்கே அவர் பூரித்துப்போய்விட்டார். இப்போது அவருக்கு மறதி நோய்.

உரிமத்தைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் ஒரு படிவம் இருந்தது. தானே முன்வந்து ஒப்படைக்கிறார் என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னாள் அங்கிருந்த பெண். டாக்டர் சொல்லித்தானே வந்திருக்கிறோம், எங்கே முன்வந்தார் என்று கேட்டேன். அந்தக் கட்டத்தில் போட்டால்தான் வேலை சுலபம் என்றாள் அவள். இவரோ அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் கத்தரியால் அதன் மூலையை வெட்டி உள்ளே போட்டுக்கொண்டாள். திருப்பித் தருவாள் என்று இவர் கையை நீட்டியபடியே நின்றார். அவருக்கு நோய் வந்திருப்பதாக டாக்டர் சொன்ன அன்றுகூட நான் அழவில்லை. அந்த அலுவலக மேசைக்கு முன்னால் அழுதேன்.

2

முக்கோணத்துக்கு வருகிறேன். எங்களுடையது பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் வண்டி. ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்ததைக் கப்பலில் இறக்கி இங்கே விற்பார்கள். பாதி ஊர் அந்த வண்டிகளில்தான் போகிறது. வண்டியைக் கிளப்பினால் ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ பணிவாகச் சொல்வாள். இத்தனை வருஷமாக அவள் சொல்வது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. இவர் தினமும் "சரீங்க அம்மிணி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இருவருக்கும் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை.

மெக்கானிக் பெயர் சாமி. பலகையில் பெயரைப் பார்த்ததும் ஆசையாகத் தமிழில் பேசிவிட்டேன். அவன் பிஜித் தீவுக்காரன். பாட்டனுக்குப் பாட்டன் யாரோ கரும்பு வெட்டக் கப்பலேறியவர். பெயரைத் தவிர தமிழில் மிச்சம் ஒன்றும் இல்லை. என் மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவன், அவன் இவன் என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வண்டியில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி போய்விட்டது என்றான். இன்னும் சில வாரம் மெதுவாக ஓட்டலாம், அதற்குள் மாற்றியாக வேண்டுமாம்.

மூன்று வழி சொன்னான். முதலாவது, கம்பெனியிலிருந்தே வரும் புதுப் பேட்டரி. அதைப் போட்டால் பத்து வருஷத்துக்கு மறந்துவிடலாம், ஆனால் அதன் விலையில் இதேபோல் இன்னொரு பழைய காரே வாங்கலாம். இரண்டாவது, வேறு யாரோ செய்யும் புது செல்களைப் பழைய பெட்டிக்குள் அடுக்கித் தருவது. நாலைந்து வருஷம் வரும். மூன்றாவது, எங்கோ மோதி நொறுங்கிப்போன வண்டியிலிருந்து கழற்றி வைத்திருக்கும் பேட்டரி. அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவன் பொறுப்பேற்க மாட்டான். கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று கேட்டேன். "ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பது படுத்துக்கொள்ளும். மாதாமாதம் இங்கே வந்து நிற்பீர்கள்" என்றான்.

"எதைப் போடலாம், நீயே சொல்" என்றேன்.

"அது உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷத்துக்கு உங்களுக்கு வேண்டும்? அதைச் சொல்லுங்கள், எந்தப் பேட்டரி என்று நான் சொல்கிறேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் வண்டி விஷயம் எல்லாம் அவர் பொறுப்பு. டயர் மாற்றுவதா, ஆயில் மாற்றுவதா, எதற்கும் நான் வாய் திறந்ததில்லை. அவர் அப்போது பட்டறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கணித்துக்கொண்டிருந்தார்.

3

மகன் நவீன் ஆக்லாந்தில் இருக்கிறான். அன்று மாலை போனில் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் குழப்பமே இல்லை.

"அம்மா, அந்த வண்டியை ஸ்கிராப்புக்குத் தள்ளிடு. சின்னதா எலக்ட்ரிக் கார் வாங்கித் தரேன். சார்ஜ் பண்ணிக்கலாம், தொல்லையே இல்ல. செத்துப்போன பேட்டரிக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவன், பாதியில் ஆங்கிலத்துக்கு மாறி, பழைய பேட்டரியும் அப்பாவும் ஒன்றுதான், இரண்டுமே சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவனுக்கும் வேதனை இருக்கும், அதை வேடிக்கையாகத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறது.

"மனுஷனையும் பேட்டரியையும் சேத்து வெச்சுப் பேசாதடா" என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. அவன் கணக்கில் சேராதது ஒன்று உண்டு. அவன் அப்பா இப்போதெல்லாம் வேறு எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பகல் நேரக் காப்பகத்தின் வேன் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறார், காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன். நவீன் வந்திருந்தபோது அவனுடைய புது காரில் உட்காரவைத்தோம். "இது யாரு வண்டிங்க, கேக்காம ஏறப்படாது" என்று இறங்கிவிட்டார். இந்த ஒரு காரில்தான், ஜப்பான்காரி பேசி முடித்ததும், "சரீங்க அம்மிணி" என்று சொல்லி நிமிர்ந்து உட்காருகிறார்.

அதனால் வேலை முடிந்து வந்ததும் தினமும் அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் உச்சிவரை போய்த் திரும்புகிறேன். மேட்டில் ஏறும்போது பேசமாட்டார். இறங்கும்போதுதான் வாய் திறப்பார். நம் மலைச்சாலையில் எழுபது வளைவுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்களே, அந்த நம்பர்களை இந்த ஊர்த் திருப்பங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். "அறுவத்தி மூணு. பாத்து, பஸ்ஸு வரும். ஆரன் அடி." அடுத்த திருப்பம் அவருக்கு நாற்பத்தைந்தாகவும் இருக்கும், அதைப்பற்றி என்ன. மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிய காலத்தில் இருக்கிறார். கீழே சிக்னலில் நின்றதும், "கெழங்கு யேவாரி வந்துட்டானான்னு பாரு புள்ள" என்பார். வந்துட்டானுங்க என்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் புருஷன் இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நான் பார்த்துக்கொள்ளும் நோயாளி. முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் செய்கிற அதே வேலை, வீட்டிலும்.

4

சாமியின் கேள்விக்கு எனக்குள்ளே இரண்டு பதில் ஓடின. இரண்டுமே பிடிக்கவில்லை. ஒரு வருஷம் போதும் என்றால், அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுகிறோம் என்று அர்த்தம். அல்லது எந்த மனைவியும் நினைக்கக்கூடாத இன்னொரு அர்த்தம். பத்து வருஷம் என்றால், இனி மலைக்குப் போவதில்லை என்று கையெழுத்துப் போட்ட மாதிரி.

குண்டூர் நாட்டில் இருக்கும் கொழுந்தனார் சடையப்பனிடம் பேசினேன். அங்கே எங்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர் அவர், மிளகுக் கொடியையும் அவர்தான் பார்க்கிறார்.

"பேட்டரிய உடுங்கண்ணி. அண்ணன இங்க கூட்டியாந்துருங்க. நம்ம மண்ண மிதிச்சா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார்.

"போன தடவ பாத்தீங்கல்லோ?"

"அது பத்து நாளு. பத்து நாள்ல என்னத்தத் தெரியும்? ஒரு வருசம் இருக்கட்டுங்க."

போன தடவையை அவர் மறக்கப் பார்க்கிறார், என்னால் முடியவில்லை. நோய் தெரிந்த புதிதில் இவரை மலைக்குக் கூட்டிப்போனேன். சேலத்திலிருந்து வாடகைக் கார். அடிவாரத்தில் முதல் வளைவு வந்ததும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. ஒரு நம்பரும் அவர் சொல்லவில்லை. எனக்கே ஆற்றாமல் "முப்பத்திரண்டுங்க, ஒரு தடவ டயரு வெடிச்சுதே" என்று எடுத்துக்கொடுத்தேன். மரியாதைக்குத் தலையாட்டினார்.

வீட்டில் கொழுந்தனார் கோழி அடித்து, சாமைச் சோறு ஆக்கி வைத்திருந்தார். இவர் விருந்தாளிபோல ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். பொழுது சாய்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "வண்டி எங்க புள்ள? ஊட்டுக்குப் போலாம்" என்றார். தினமும் இதே பாட்டு. "இது உங்க ஊடுதானுங்கண்ணா" என்று தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சரீங்க, எங்க வண்டி வந்துரும்" என்று அவரை இவர் தேற்றினார்.

கொல்லிமலையில் அவருக்குக் கொல்லிமலை இல்லை. அது இந்தப் பழைய காருக்குள், வெலிங்டன் மேட்டில், சாயங்காலம் மட்டும் இருக்கிறது. இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று முடித்துவிட்டேன்.

5

ஒரு சனிக்கிழமை சாமி எங்களோடு வண்டியில் வந்தான். ஏற்றத்திலும் இறக்கத்திலும் பேட்டரி எப்படி நடந்துகொள்கிறது என்று கருவியில் பார்க்க வேண்டுமாம். பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டான். உச்சிக்குப் போய்த் திரும்பினேன். இறக்கம் தொடங்கியதும் பக்கத்திலிருந்து அவர் கை வந்தது. கியர் லீவரைப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளி, அது விழும்வரை அழுத்திப் பிடித்தது. எப்போதும் நடப்பதுதான். அவர் ஓட்டிய காலமெல்லாம் இடது கை செய்த வேலை, பக்கத்து இருக்கைக்கு வந்த பிறகு வலது கை எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டது.

"இதென்ன செய்கிறார்?" என்றான் சாமி.

மலை லாரிக்காரர்கள் வழக்கம் என்று விளக்கினேன். இறக்கத்தில் வண்டி தன் பாரத்திலேயே இறங்கும், அதற்கு எதற்கு எண்ணெய் என்பது அவர்கள் கணக்கு. சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டுப் பிரேக்கை நம்பி இறங்குவார்கள். இவரும் செய்திருக்கிறார், நான் கடவுளை வேண்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து இதிலும் அப்படித்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது எனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

கீழே வந்து நிறுத்தியதும் சாமி என்னைத் தனியே கூப்பிட்டான். இறக்கத்தில்தான் இந்த வண்டி தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளுமாம். நியூட்ரலில் போட்டால் ஒரு துளியும் நிரம்பாதாம். மேட்டில் ஏறிக் காலியான பேட்டரி கீழே வரும்போதும் காலியாகவே வந்து சேர்கிறது, தினமும்.

"இதனால்தான் கெட்டது என்று சொல்லமாட்டேன், வண்டிக்கு வயதும் ஆகிவிட்டது. ஆனால் புதுசு போட்டால் இதை நிறுத்தியாக வேண்டும். அவர் பின்னால் உட்காரட்டும்."

பாவி மனிதர், எண்ணெய் மிச்சம் எண்ணெய் மிச்சம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா விட்டிருந்தால் வண்டியே மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும். இதை அவரிடம் சொல்லிக் கேலி செய்யக்கூட இப்போது முடியாது.

6

மறுநாள் அவரைப் பின்னிருக்கையில் உட்காரவைத்தேன். கதவைச் சாத்திவிட்டு நான் முன்னால் ஏறினேன். ஜப்பான்காரி பேசினாள். பின்னாலிருந்து பதில் வரவில்லை.

மேட்டில் ஏறினேன், திரும்பினேன். முதல் திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தேன். சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் கால்சட்டைப் பை. இருக்கைக்குக் கீழே குனிந்து தேடினார்.

"என்னங்க தேடறீங்க?"

"டிக்கெட்டுங்க. எடுத்தேனா இல்லையான்னு தெரியல. செக்கிங்கு வந்தா எறக்கி உட்ருவாங்க." மறுபடி சட்டைப்பையைத் தடவினார். "ஏனுங்க டிரைவரு, இந்த பஸ்ஸு எங்கீங்க போவுது? நான் எங்க எறங்கோணும்?"

ஓரங்கட்டினேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நல்லா இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்து வருஷம் ஓடும் பேட்டரியைப் போட்டு, அதைக் காப்பாற்றுவதற்காக இவரைப் பின்னால் உட்காரவைத்துப் பயணியாக்கி, பத்து வருஷமும் நான் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பதா?

திங்கட்கிழமை சாமியிடம் போய், மோதிய வண்டியிலிருந்து எடுத்த பேட்டரியையே போடச் சொன்னேன். "அவர் கையை நிறுத்துவீர்களா?" என்றான். மாட்டேன் என்றேன். அப்படியானால் அது ஒரு வருஷம் தாங்குமா என்பதே சந்தேகம் என்றான்.

"ஒரு வருஷம் போதும்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதியோர் இல்லத்தில் இந்த நோயை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். முதலில் பெயர்கள் போகும், பிறகு முகங்கள் போகும், கைப்பழக்கம்தான் கடைசியில் போகும், ஆனால் அதுவும் போகும். நான் தடுக்காமலே அவர் கை ஒருநாள் நின்றுவிடும். அதுவரைக்கும் ஓட ஒரு பேட்டரி. எந்தப் பேட்டரி என்று நான் தேர்ந்தெடுத்தது அந்தக் கணக்கில்தான். அப்படிக் கணக்குப் போட்டதற்காக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கொழுந்தனாரைக் கூப்பிட்டு, வரமாட்டோம், எங்கள் வீட்டில் யாரையாவது குடிவைத்துவிடுங்கள் என்று சொன்னேன். "மொளகு நல்லாக் காச்சிருக்குதுங்கண்ணி" என்று மட்டும் சொன்னார். நவீனிடமும் சொன்னேன். சரிம்மா என்றான், அடுத்த மாதம் வருகிறேன் என்றான்.

பேட்டரி மாற்றி மூன்று வாரம் ஆகிறது. முக்கோணம் எரியவில்லை. இறக்கத்தில் அவர் கை வரும், நியூட்ரல் விழும், நாங்கள் மலை இறங்குவோம்.

நேற்று கை வரவில்லை. முதல் திருப்பம் போனது, இரண்டாவதும் போனது. இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. நம்பரும் சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரமா என்று நினைத்தேன். அவர் கையை எடுத்து லீவரின்மேல் வைத்தேன். வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பிறகு நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்து, நானே நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டி சத்தமில்லாமல் தன் பாரத்தில் இறங்க ஆரம்பித்தது.

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"அட, எறக்கத்துல ஓட்டத் தெரிஞ்ச ஆளா இருக்கறீங்களே. உங்களுக்கு எந்த ஊருங்க?"

"பைல் நாடுங்க" என்றேன்.

"எம்பட ஊட்டுக்காரிக்கும் அந்த ஊருதானுங்க" என்றார்.

"அப்படீங்களா" என்றேன்.